பதினோரு டப்பாவுக்கும் சாகாத புழு

“தண்ணியத்தான் வித்திருக்கீங்க மாப்ள. கலர் தண்ணி.”

“சீல் உடையாமத்தானே வந்துச்சு மச்சான்?”

“சீல் என்ன பெரிய சீல். அதையும் எவனாவது அச்சடிச்சு ஒட்டித் தருவான்.”

“அந்த மாதிரி ஆளுக்கா தங்கச்சியக் கட்டிக் கொடுத்தீங்க?”

“அதத்தான் மூணு மாசமா யோசிச்சிட்டிருக்கேன்.”

பூச்சி மருந்துக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நானும் மேடமும் அதற்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். சண்டை என்றால் ஒரு சூடு இருக்கும், குரல் ஏறும், ஏதாவது ஒன்று கீழே விழுந்து உடையும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் பொருள் பட்டியலை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவதுபோலப் பேசினார்கள்.

“மேடம், இது சண்டையா, வானிலை அறிக்கையா?”

“கத்திக் கத்தி ஓய்ஞ்சுபோன சண்டை ப்ரூஃப். கத்துறவனச் சமாதானப்படுத்தலாம். இவங்களை என்ன பண்றது?”

மேடம் இருபத்திரண்டு வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்ததாகச் சொன்ன குடோன் உண்மையிலேயே எரிந்ததா, எரித்ததா என்று பார்ப்பது அவர் வேலை. அதை விட்டுவிட்டு இப்போது சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறை ஆபீஸ் வைத்துத் துப்பறிகிறார். நான் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். அச்சகத்தை மூடிய பிறகு, பொடி எழுத்துப் படிக்க ஒரு கண் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். அதனால்தான் ப்ரூஃப்.

முந்தின நாள் சாயந்திரம் இந்தக் கடைக்காரரின் மனைவி எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கடையில் சாமான் கேட்பதுபோல மளமளவென்று சொன்னார்.

“எங்க அண்ணன் முட்டைக்கோஸ் போடறாரு. மருந்தெல்லாம் எங்க கடையிலதான். மூணு நடவு வரிசையாப் போச்சு. எவ்வளவு அடிச்சும் புழு சாகல. போலி மருந்துங்கறாரு அண்ணன். எல்லாம் ஒரிஜினல்தான்ங்கறாரு என் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு அண்ணன் விவசாய ஆபீஸ்ல புகார் கொடுக்கப் போறாரு. கொடுத்தா கடைக்கு சீல் வச்சிடுவாங்க.”

“நாங்க என்ன பண்ணணும்?”

“ரெண்டு பேர்ல யாரு பொய்யின்னு சொல்லுங்க. இவரு போலி வித்திருந்தா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். பெட்டி கட்டி வச்சிட்டேன். அண்ணன் பொய் சொல்லியிருந்தா, இனி அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

அழவில்லை. கைக்குட்டைகூடக் கொண்டுவரவில்லை.

ஷட்டருக்கு அடியில் குனிந்து அண்ணன் வெளியே வந்தார். மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார். தெருவுக்கு வந்ததும் அவிழ்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு தரம் உறிஞ்சினார். நெஞ்சுக்குள் விசில் சத்தம் எனக்கே கேட்டது.

“தங்கச்சி வரச் சொன்ன டிடெக்டிவ் நீங்கதானா?”

“ஆமா. உங்க தோட்டத்துல புழு இருக்கா?”

“இருக்காவா? புழுதான் இருக்கு. கோஸத்தான் தேடணும்.”

“கொஞ்சம் புழு வேணுமே.”

“அள்ளிட்டுப் போங்க,” என்றார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

கடைக்குள் போனோம். நாலு பக்கமும் அலமாரி. கண்ணாடிக்குள் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று டப்பாக்கள். கடைக்காரர் ஒல்லியான மனிதர். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாததுபோல மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணனுக்குக் கடைசியா அனுப்பின மருந்துல ஒண்ணு வேணும். அதே பெட்டியில இருந்து,” என்றார் மேடம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிதான் எழுந்து போய் ஒரு சிவப்பு டப்பாவை எடுத்தார். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கடைசி முனையை மட்டும் உள்பக்கமாக மடித்து ஒரு சின்னக் காது வைத்தார்.

“எதுக்கும்மா காது?” என்று கேட்டேன்.

“பிரிக்கறவங்க நகத்தால சுரண்டிட்டிருக்க வேண்டாம் பாருங்க.”

“எங்க வீட்டு பிஸ்கட் பாக்கெட்டையும் நீங்களே ஒட்டிக் கொடுத்தா புண்ணியமாப் போகும்.”

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் யாரும் சிரிக்கவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனின் தோட்டம் பஸ் ரோட்டை ஒட்டி இருந்தது. மூன்று பாத்தி முட்டைக்கோஸ். இலை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, நரம்பு மட்டும் கொசுவலை மாதிரி நின்றது. புழு ஒன்று அரை விரல்கடை நீளம்கூட இல்லை. பச்சை நிறம், இரண்டு முனையும் கூர். தொட்டால் துள்ளிப் பின்னால் போய், ஒரு நூலில் தொங்கி, ஆபத்து போய்விட்டதா என்று எட்டிப் பார்ப்பதுபோல மெல்ல மேலே ஏறிவந்தது. இது வளர்ந்தால் முதுகில் வைரக்கட்டம் போட்ட சின்ன அந்துப்பூச்சி ஆகுமாம். மேடம் சொன்னார்.

ஒரு சின்னப் பெயிண்ட் பிரஷ்ஷால் இருபது புழுவை டப்பாவுக்குள் தள்ளினேன்.

“மேடம், ஒரே நாள்ல இருபது பேரக் கைது பண்ணினது நம்ம ஆபீஸ்ல இதான் முதல் தடவை.”

“இவங்க குற்றவாளி இல்ல, சாட்சி. இன்னும் இருபது சாட்சி வேணும். மருந்தே படாத இடத்துல இருந்து.”

அதைக் கண்டுபிடிக்கத்தான் பாடுபட்டோம். அந்த வட்டாரத்தில் மருந்து அடிக்காத தோட்டமே இல்லை. கடைசியில், எட்டு மைல் தள்ளி, ஒரு ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் வாட்ச்மேன் நாலு பாத்தி வைத்திருந்தார். ஜன்னலுக்கு நேர் கீழே. நோயாளிகள் மூக்கில் ஏறும் என்று டாக்டர் மருந்து அடிக்க விடுவதில்லை.

“புழு வேணுமா?” வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கோஸ் வேணாமா?”

“வேணாங்க. புழு போதும்.”

“எந்த வார்டு நீங்க?”

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அவர் சிரிப்புக்குப் பக்கத்தில் போனது அந்த ஒரு தடவைதான்.

ஆபீஸ் மேஜையில் நாலு கண்ணாடி ஜாடி வைத்தோம். சிவப்பு டப்பா மருந்தை, டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி தண்ணீரில் கலந்தார் மேடம். நல்ல கோஸ் இலைகளை நறுக்கி, பாதியை மருந்திலும் பாதியை வெறும் தண்ணீரிலும் முக்கி உலர்த்தி ஜாடியில் போட்டோம். அண்ணன் தோட்டத்துப் புழு பத்து மருந்து இலைக்கு, பத்து தண்ணீர் இலைக்கு. ஆஸ்பத்திரிப் புழுவுக்கும் அதே மாதிரி. துணியால் வாயைக் கட்டி, சீட்டு எழுதி ஒட்டினேன்.

செவ்வாய் மத்தியானம் வைத்தது. வியாழன் காலையில் பார்த்தோம்.

தண்ணீர் இலை ஜாடி இரண்டிலும் எல்லாப் புழுவும் கொழுத்துப்போய்த் தின்றுகொண்டிருந்தன. மருந்து இலையில் இருந்த ஆஸ்பத்திரிப் புழு பத்தும் செத்துச் சுருண்டு கிடந்தன. இலையில் ஒரு ஓட்டைகூட இல்லை.

அண்ணன் தோட்டத்துப் புழு இருந்த மருந்து ஜாடியில் இலையே இல்லை. நரம்புதான் இருந்தது. எண்ணினேன்.

“ஒம்பது மேடம். ஒண்ணக் காணோம்.”

“செத்துடுச்சா?”

துணியைத் தூக்கிப் பார்த்தேன். “இல்ல. துணிக்கு அடியில வலை பின்னிக் கூடு கட்டிட்டிருக்கு. இங்கயே குடித்தனம் பண்ற ஐடியா போல.”

மேடம் நாலு ஜாடியையும் ஒரு தடவை திருப்பி வைத்துப் பார்த்தார்.

“ஒரே டப்பா மருந்து. ஆஸ்பத்திரிப் புழு பத்தும் செத்துடுச்சு. அப்ப மருந்து ஒரிஜினல். கடைக்காரர் சொன்னது உண்மை.”

“அப்ப அண்ணன் பொய்?”

“அண்ணன் புழு சாகலன்னாரு. பார், சாகல. அவரு சொன்னதும் உண்மை.”

“ரெண்டு பேருமே உண்மை சொல்ற கேஸ் நமக்கு வந்ததே இல்லயே மேடம். இதுக்கு எப்படி பில் போடறது?”

“இந்தப் புழு எப்படி இப்படி ஆச்சுன்னு தெரியணும். கிளம்பு.”

அண்ணன் தோட்டத்து ஷெட்டில் இருந்தார். ஜாடியைக் காட்டி விஷயத்தைச் சொன்னோம். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மருந்து நல்ல மருந்துதான். புழுவுக்குத்தான் மரத்துப்போச்சு,” என்றேன்.

“எனக்கும்தான்,” என்றார்.

ஷெட்டின் சுவரில் ஒரு பலகை. அதில் காலி டப்பாக்கள் பதினொன்று, பரேடுக்கு நின்றதுபோல ஒரே வரிசை. சிவப்பு, நீலம், மஞ்சள். மறுபடி சிவப்பு, நீலம், மஞ்சள். ஒவ்வொன்றிலும் அடித்த தேதி எழுதிய சீட்டு. பழைய நடவுகளின் டப்பாக்கள் மூலையில் ஒரு சாக்கில்.

“ஒரே மருந்தத் திருப்பித் திருப்பி அடிச்சா புழுவுக்கு ஏறாதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றார் அண்ணன். “ஒவ்வொரு வாரமும் மாத்தித்தான் அடிச்சேன். போன் போட்டு, ‘மாப்ள, இந்த வாரம் வேற’ன்னு சொல்லிடுவேன். பால் வண்டியில வந்துடும். கடைக்கு நான் போறதில்ல. அந்த நாத்தம் நம்ம நெஞ்சுக்கு ஆகாது.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். என் வேலை அதுதானே.

சிவப்பு டப்பா ஒரு கம்பெனி, ஒரு பேர், சிங்கம் படம். நீலம் வேறு கம்பெனி, வேறு பேர், மின்னல் படம். மஞ்சளில் ஒரு மல்யுத்த வீரர் தொடையைத் தட்டிக்கொண்டு நின்றார். திருப்பினேன். பின்பக்கம் கீழே வலது மூலையில், அரிசி அளவுக்கு ஒரு கட்டம். அதற்குள் ஒரு எண்.

“சிவப்பு, இருபத்தெட்டு. நீலம், இருபத்தெட்டு. மஞ்சள்…” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். “இருபத்தெட்டு.”

பதினொன்றையும் பார்த்தேன். சாக்கைக் கொட்டி, முட்டி போட்டு, அதையும் பார்த்தேன். ரெண்டு வருஷத்து டப்பா. இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு.

“அப்படின்னா என்ன?” என்றார் அண்ணன்.

“மருந்து புழு உடம்புல எங்க போய் அடிக்கும்ங்கறதுக்கு ஒரு நம்பர்,” என்றார் மேடம். “இருபத்தெட்டு தசையில போய் அடிக்கும். பேர் எதுவா இருந்தாலும் நம்பர் ஒண்ணுன்னா அடி விழுற இடமும் ஒண்ணு. ஒரே ஆள் மூணு சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கான்.”

“ரெண்டு வருஷமா ஒரே கன்னத்துல அறைஞ்சிருக்கீங்க,” என்றேன்.

“அதனால பழகிடுச்சா?”

“பழகல,” என்றார் மேடம். “ஆயிரம் புழுவுல ரெண்டு மூணு, பொறக்கும்போதே அந்த அடியத் தாங்கற மாதிரி பொறக்கும். தாங்காததெல்லாம் நீங்க அடிச்சதுல செத்துடுச்சு. தாங்கினது மட்டும் முட்டை வச்சுது. அதோட குட்டிக்கு மறுபடி அதே அடி. மறுபடி தாங்கினது மிச்சம். மூணு வாரத்துக்கு ஒரு தலைமுறை. ரெண்டு வருஷத்துல முப்பதுக்கு மேல.”

“நான் டோஸையும் ஏத்தினேனே. மூணு மூடி போடற இடத்துல ஆறு மூடி.”

“ஆறு மூடியத் தாங்கினதுதான் இப்ப உங்க கையில இருக்கு.”

அண்ணன் ஜாடியைக் கீழே வைத்தார். கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்தார். நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

“அப்ப மாப்ள தெரிஞ்சேதான் ஒண்ணையே மூணு கலர்ல கொடுத்திருக்கான். கடை வச்சிருக்கறவனுக்கு இந்த நம்பர் தெரியாதா?” குரல் அப்போதும் உயரவில்லை. “தண்ணிய வித்திருந்தாக்கூடப் பரவால்ல. தண்ணிக்கு இந்த மாதிரி புழு வந்திருக்காது. நாளைக்குப் புகார்ல இதையும் சேர்த்து எழுதிடறேன்.”

அதாவது போலியா என்று பார்க்க வந்து, போலியைவிட மோசமான ஒன்றைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டோம். மேடம் பலகையில் இருந்த டப்பாக்களின் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பதினோரு மூடியையும் பையில் போட்டுக்கொண்டார்.

“பத்து மணி வரைக்கும் பொறுங்க,” என்றார்.

“பத்து மணிக்குத்தானே ஆபீஸே திறப்பான்,” என்றார் அண்ணன்.

கடையில் சாயந்திர வெயில் கண்ணாடி அலமாரியில் அடித்துக்கொண்டிருந்தது. மனைவி உள்ளறையில் எதையோ அடுக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. மேடம் நின்றபடியே கேட்டார்.

“மூணு கலரும் ஒரே நம்பர். உங்களுக்குத் தெரியுமா?”

கடைக்காரர் உடனே சொன்னார். “தெரியும். நான்தான் கொடுத்தேன். அலட்சியம். எழுதிக்குங்க.”

என் அனுபவத்தில் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டவன் எவனும் குற்றவாளியாக இருந்ததில்லை. மேடமுக்கும் அது தெரியும். அவர் அலமாரிக் கதவைத் திறந்தார். கதவின் உள்பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. கடைக்காரர் கையெழுத்து. ‘மச்சான் தோட்டம்’ என்று தலைப்பு. முதல் மூணு வாரம் இருபத்தெட்டு. அடுத்த மூணு வாரம் வேறு எண், திரவம். அதற்கடுத்த மூணு வாரம் இன்னொரு எண், பொடி. கோடு போட்டு, கட்டம் கட்டி, பள்ளிக்கூடப் பையன் டைம்டேபிள் மாதிரி.

கீழ்த்தட்டில் இரண்டு அட்டைப்பெட்டி. ஒன்றில் அந்தத் திரவம், ஒன்றில் அந்தப் பொடி. கம்பெனியில் ஒட்டிய டேப் பிரியவே இல்லை. மேலே தூசி, விரலால் கோடு போடலாம்.

“அட்டை எழுதின கை வேற, டப்பா எடுத்த கை வேற,” என்றார் மேடம். “ஒரு டப்பாவுக்கு டேப் ஒட்டுங்க.”

“எதுக்கு?”

“சும்மா ஒட்டுங்க.”

அவர் டேப்பை இழுத்தார், பல்லால் கடித்தார், மூடியில் அமுக்கினார். முனை தட்டையாக ஒட்டிக்கொண்டது.

மேடம் பையைத் திறந்து பதினோரு மூடியையும் கண்ணாடி மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் கிழிந்த டேப் துண்டு தொங்கியது. ஒவ்வொரு துண்டின் முனையிலும் மடித்துவிட்ட ஒரு சின்னக் காது.

கடைக்காரர் இரண்டு கையாலும் மூடிகளை மறைக்கப் பார்த்தார். இரண்டு கைக்கு அடங்கவில்லை.

“அது நான் ஒட்டினது,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மனைவி உள்ளறை வாசலில் நின்றிருந்தார். எத்தனை நேரமாக நின்றார் என்று தெரியாது.

“இவரு வண்டி எடுத்துட்டு ஊர் ஊராச் சரக்குப் போட லைனுக்குப் போயிடுவாரு. அட்டையப் பார்த்து எடுத்து அனுப்பிடும்பாரு. அந்தத் திரவம் நாறும்ங்க, மூடியத் தொறந்தாலே கண்ணெல்லாம் எரியும். இன்னொண்ணு பொடி, கலக்கும்போது பறக்கும். அண்ணனுக்கு இழுப்பு. இதை அனுப்பி, அங்க தோட்டத்துல ஒண்டியா மூச்சு முட்டி விழுந்துட்டாருன்னா?” நிறுத்தினார். “அலமாரியில நாத்தமே இல்லாத மருந்து இந்த மூணுதான். அண்ணன் மாத்திக் கேட்டாரு. நானும் கலர மாத்தி மாத்தி அனுப்பினேன். வேற வேற டப்பாதானே, வேற வேற மருந்துன்னு நினைச்சேன்.”

“அண்ணன் மூச்சு நின்னுடக்கூடாதுன்னு பண்ணியிருக்கீங்க,” என்றார் மேடம்.

“ஆமா. தோட்டம் நின்னுபோச்சு.” கணவர் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எப்ப தெரியும்?”

“போன மாசம் சரக்கு பார்த்தேன். அந்த ரெண்டு பெட்டியும் பிரிக்காமயே இருந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன ஆகும்? மச்சான் கேட்பாரு, யாரு பண்ணினதுன்னு. கடை போனா நான் வேற கடை பார்த்துக்குவேன். உனக்கு இருக்கறது ஒரு அண்ணன்.”

“அதுக்காக நான் உங்கள விட்டுட்டுப் போறேன்னு பெட்டி கட்டும்போதுகூடச் சொல்லாம இருந்தீங்களா?”

“கட்டித்தானே வச்சே. இன்னும் போகலயே.”

மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தார். மூடிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“யாரு பொய்யின்னு கேட்டு உங்ககிட்ட வந்தேன்,” என்றார் மேடமிடம். “எனக்கு இப்ப அழுகை வரணும்ல? ஒண்ணுமே வரல.”

“நான்தான் பண்ணினேன்னு நாளைக்குச் சொல்லிடறேன்,” என்றார் கணவர். “நீ பேசாம இரு. அவரும் கோபத்துல என்னை நாலு திட்டு திட்டுவாரு, ரெண்டு வருஷத்துல சரியாயிடும்.”

அந்தம்மா வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு எங்கள் ஆபீஸ் கீழே வந்து நின்றார். “அந்த நம்பர் விஷயம் எனக்குச் சரியாச் சொல்ல வராது. கூட வாங்க,” என்றார்.

தோட்டத்தில் டிராக்டர் நின்றிருந்தது. கோஸ் பாத்தியை மடக்கி உழ டிரைவர் தயாராக இருந்தார். அண்ணன் வரப்பில் நின்றார். புகார்த் தாள் சட்டைப்பையில், இன்ஹேலருக்குப் பக்கத்தில்.

தங்கை நேராகப் போய்ச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, தயங்கவும் இல்லை. அட்டை, நாத்தம், பொடி, கலர் எல்லாம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“பொடி அடிச்சா எனக்கு இழுப்பு வரும்னு யாரு சொன்னா?” என்றார் அண்ணன்.

“யாரும் சொல்லலண்ணா. நானே நினைச்சுக்கிட்டேன்.”

“முகத்துக்கு மாஸ்க்குன்னு ஒண்ணு இருக்கே.”

“ஆமாண்ணா.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“ஆமாண்ணா.”

அவர் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். “மாப்ளைகிட்ட கொடுத்துடு. அவரையே கிழிச்சுக்கச் சொல்லு.”

அவ்வளவுதான், கடை பிழைத்தது. மேடம் அவரிடம் செய்ய வேண்டியதைச் சொன்னார். சில மாசம் கோஸ் வேண்டாம், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு எதுவும் வேண்டாம், எல்லாம் இந்தப் புழுவுக்குச் சாப்பாடு. அப்புறம் போடும்போது வேறு நம்பர், அதையும் மாற்றி மாற்றி. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து மாற்றினால்தான் பிரயோஜனம். அவர் தலையாட்டினார். எதுவும் காதில் ஏறியதா என்று எனக்குத் தெரியவில்லை.

“அண்ணா, ஏதாவது திட்டிடேன்,” என்றார் தங்கை.

“என்னன்னு திட்டறது?”

“மத்தியானம் போன் பண்ணட்டுமா?”

“தோட்டத்துல சிக்னல் இருக்காது.”

ரெண்டு வருஷமாக இதே தோட்டத்திலிருந்துதான் வாராவாரம் கடைக்குப் போன் பண்ணியிருக்கிறார். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவர் டிரைவருக்குக் கையைக் காட்டினார். டிராக்டர் பாத்தியில் இறங்கியது.

திரும்பி வரும்போது அந்தம்மா வண்டியின் பின்சீட்டில் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் என்னைக் கேட்டார்.

“சார், நாளைக்கு நான் மறுபடி போகட்டுமா? இல்ல, கொஞ்ச நாள் விட்டுடட்டுமா?”

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பேன். இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. மேடம், “போங்க, தினமும் போங்க. பேசாட்டி வரப்புல உட்கார்ந்துட்டு வாங்க,” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மனிதரை ஒரு மாசமாவது தனியாக விடவேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை. என் கூடப் பிறந்தவனிடம் நான் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது, என் யோசனையை நம்பி அந்தம்மா ஏன் கெட்டுப்போக வேண்டும்?

அதனால் உங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தப்பு, பாசத்தில் செய்த தப்பு, நடந்திருக்கும். யார் முதலில் போனீர்கள், எத்தனை நாள் கழித்து? போனது நல்லதா, பொறுத்தது நல்லதா? இரண்டு வரி போதும், கீழே எழுதுங்கள். வருகிற பதிலை எல்லாம் அந்தம்மாவிடம் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் காத்திருக்கிறார்.